பார்ட்ஸ் வாஷிங் மெஷினைத் தேவைக்கேற்பச் செய்து வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மெஷினிங் முடிந்த உலோகப் பாகங்களின் எண்ணெயையும் உலோகச் சில்லையும் கழுவிக் காய வைக்கும் வாஷிங் மெஷினின் வெளிவாசலில் ஓர் ஆள் ஏர் கன்னுடன் நின்று, ஒவ்வொரு பாகத்தையும் ஊதித் துடைத்துக்கொண்டிருந்தால் அந்த மெஷின் திட்டமிடும்போதே தவறிவிட்டது என்று அர்த்தம். கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டார மெஷினிங் தொழிற்சாலைகளில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. தொட்டி எத்தனை லிட்டர், பம்ப் எத்தனை எச்.பி., விலை எவ்வளவு என்று கேட்டு வாங்கப்பட்ட மெஷின்கள் அவை. கழுவுகிற வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்யும். காய வைப்பதிலும், கழுவிய தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதிலும்தான் கவிழும். ஆகவே கேட்லாக்கை மூடிவைத்துவிட்டுப் பாகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்குகள் கைக்குப் பிடிபட, கற்பனையாக ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். 400 கிராம் எடையுள்ள அலுமினிய டை-காஸ்ட் ஹவுசிங். ஆறு எம்6 பிளைண்ட் டேப்பிங் துளைகள் (மறுபக்கம் திறக்காத, மரை போட்ட துளைகள்), ஒரு குறுக்குத் துளை. நாளைக்கு 2,400 எண்ணிக்கை.

படி 1: பாகத்தையும் அழுக்கையும் எழுதுங்கள்

உலோகம், எடை, வெளி அளவு, மிகச் சிறிய துளையின் விட்டமும் ஆழமும், கீறல் படக்கூடாத முகங்கள் எல்லாம் ஒரு தாளில் வரட்டும். அடுத்தது அழுக்கு. தண்ணீரில் கரையும் கூலன்ட்டா, தண்ணீர் கலக்காத நீட் கட்டிங் ஆயிலா? சில்லு நீளமா, தூளா? ஹோனிங், லேப்பிங் (நுண்ணிய அரைப்பு) செய்த பாகமானால் அரைகல் தூள் ஒட்டியிருக்கும். அது எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிட்டால் வெறும் ஸ்ப்ரேக்கு அசையாது. பாகம் மெஷினிங் முடிந்து எத்தனை மணி நேரம் கழித்துக் கழுவப்படும் என்பதையும் எழுதுங்கள். கூலன்ட் ஈரமாக இருக்கும்போது நிமிடத்தில் போவது, இரண்டு நாள் காய்ந்து படலமானால் அதே மெஷினில் போகாது.

வாஷிங் மெஷின் தீர்க்க முடியாத இரண்டு விஷயங்களை இங்கேயே பிரித்துவிட வேண்டும். ஒன்று, ஓரத்தில் தொங்கும் பர், அதாவது வெட்டியபின் ஒட்டி நிற்கும் உலோகப் பிசிறு. 4 பார் ஸ்ப்ரே அதைப் பிடுங்காது. பிறகு வண்டி ஓடும்போது அது தானாக உதிரும். அதை நீக்கும் டீபர்ரிங் தனி ஆபரேஷன், அல்லது சில நூறு பார் அழுத்தத்தில் துளை துளையாகக் குறிபார்த்து அடிக்கும் சி.என்.சி. வாஷிங். இரண்டு, காந்தம். மேக்னடிக் சக்கில் (காந்தப் பிடியில்) கிரைண்டிங் செய்த எஃகுப் பாகத்தில் எஞ்சிய காந்தம் இருந்தால் நுண்சில்லுகளை அது விடவே விடாது. அப்படிப்பட்ட பாகத்துக்குக் காந்தம் நீக்கும் டீமேக்னடைசரை வாஷிங்குக்கு முன்னால் போடுங்கள்.

படி 2: ‘சுத்தம்’ என்பதை எண்ணாக்குங்கள்

‘எண்ணெய், சில்லு இல்லாமல் இருக்க வேண்டும்’ என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதினால் சண்டைதான் மிஞ்சும். வாடிக்கையாளரின் டிராயிங்கில் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 16232 அல்லது வி.டி.ஏ. 19 என்று குறிப்பு இருக்கும். இரண்டும் வாகனப் பாகங்களில் ஒட்டியிருக்கும் துகளை அளப்பதற்கானவை. நம் ஊரில் மில்லிபோர் டெஸ்ட் என்று சொல்கிறார்களே, அது இந்த வகைதான். பாகத்தைச் சுத்தமான திரவத்தால் அலசி, அந்தத் திரவத்தை 47 மி.மீ. விட்டமுள்ள, வழக்கமாக 5 மைக்ரான், வடிதாளில் இறக்கி, அவனில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவைத்து, எடை போட வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் மிகப் பெரிய துகளின் நீளம், உலோகமா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

நம் ஹவுசிங்குக்கு ஒரு பாகத்தில் 3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, எந்த உலோகத் துகளும் 600 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 0.1 மில்லிகிராம் துல்லியமுள்ள தராசு இதற்குப் போதும். வரம்பு 0.3 மில்லிகிராம் என்றால் ஒரு பாகத்தை வைத்து அளப்பதில் பொருளில்லை. பத்துப் பாகத்தைச் சேர்த்து அலசி வகுக்க வேண்டும். பாகமே இல்லாமல் ஒருமுறை சோதனை ஓட்டி, வரும் எடை வரம்பில் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஆய்வகத் தூசியைத்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த ஆபரேஷன் பெயின்டிங், ஒட்டுதல், வெல்டிங் என்றால் துகளைவிட எண்ணெய்ப் படலம் முக்கியம். அதற்கு டைன் மை (பூசினால் பரவுகிறதா, திரள்கிறதா என்று மேற்பரப்பின் சுத்தத்தைக் காட்டும் மை) அல்லது தண்ணீர்ப் படலம் உடைகிறதா என்ற சோதனை. எது வேண்டும் என்பது தெளிவாகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: சைக்கிள் டைம்

இரண்டு ஷிப்ட், இடைவேளை போக 15 மணி நேரம், அதாவது 54,000 வினாடி. 85 சதவீதம் திறன் என்றால் 45,900. அதை 2,400-ஆல் வகுத்தால் ஒரு பாகத்துக்கு 19 வினாடி. ஒரு கூடையில் 24 பாகம் அடுக்கினால் கூடைக்கு 459 வினாடி கிடைக்கும்.

ஒரே அறையில் எல்லாம் நடக்கும் மெஷினை இதில் பொருத்திப் பார்ப்போம். ஏற்ற 30, வாஷ் 150, வடிய 20, ரின்ஸ் 60, வடிய 20, ஏர் புளோ 40, வெப்பக் காற்று 90, இறக்க 40. மொத்தம் 450 வினாடி. காகிதத்தில் பாஸ். ஆனால் 9 வினாடிதான் மிச்சம். பாகம் காயவில்லை என்று வெப்பக் காற்றை 30 வினாடி கூட்டினால் உற்பத்தி தவறும். உலர்த்தலைத் தனி ஸ்டேஷனாகப் பிரித்துவிட்டால் வாஷ் அறைக்கு 300 வினாடி போதும், உலர்த்தும் அறைக்கு 400 வினாடிக்கு மேல் கிடைக்கும். கூடுதல் செலவுதான். ஆனால் அந்த ஏர் கன் ஆளின் இரண்டு ஷிப்ட் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: மெஷின் வகை

போல்ட், வாஷர் மாதிரி மொத்தமாகக் கொட்டலாம் என்றால் உருளும் டிரம் வகை. பெரிய எண்ணிக்கை, எளிய வடிவம், ஒரே ரகம் என்றால் கன்வேயர் டனல். ரகம் அதிகம், எண்ணிக்கை நடுத்தரம் என்றால் கூடை சுழலும் அறை வகை. நுண்துளை, பாலிஷ் பசை, நகை போன்ற மேற்பரப்பு என்றால் அல்ட்ராசானிக் தொட்டி வரிசை. நீட் ஆயில் மிகுந்த சிறு எஃகுப் பாகங்களுக்கு வாக்குவமில் இயங்கும் மூடிய சால்வென்ட் மெஷின். திறந்த தொட்டியில் டிரைகுளோரோஎத்திலீன் ஆவி வைத்துக் கழுவும் பழைய முறையை இனி யோசிக்கவே வேண்டாம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுக்கான முதல் பிரிவில் அதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை (ஐ.ஏ.ஆர்.சி.) வைத்திருக்கிறது.

அல்ட்ராசானிக் மேல் ஒரு தனி மோகம் உண்டு. 25 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் அலை அழுக்கைப் பிரித்தெடுக்கும், சரி. ஆனால் பிளைண்ட் துளைக்குள் பிரிந்த சில்லை வெளியே தூக்கி வராது. அதற்கு நீரோட்டம் வேண்டும். துளைக்குள் காற்றுக் குமிழ் சிக்காதபடி பாகம் திரும்பவும் வேண்டும். நெருக்கமான கம்பிவலைக் கூடை அலையை விழுங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஹவுசிங்குக்குக் கூடை சுழலும் அறை, தண்ணீருக்குள் மூழ்கடித்து உள்ளேயே ஜெட் அடிப்பது, பிறகு ஸ்ப்ரே என்ற சேர்க்கைதான் பொருந்தும்.

படி 5: கெமிக்கலும் தண்ணீரும்

அலுமினியத்துக்குக் காஸ்டிக் கலந்த கெமிக்கல் கூடாது. உலோகத்தையே அரித்து ஹைட்ரஜனை விடும், மேற்பரப்பு கறுக்கும். பி.எச். 8.5 முதல் 9.5 வரையுள்ள, அரிப்புத் தடுப்பான் சேர்ந்த கிளீனர், 2 முதல் 4 சதவீதம், 55 முதல் 60 டிகிரி. எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் இன்னும் காரமானது தாங்கும்.

ஸ்ப்ரே மெஷினுக்கு ‘நுரை குறைந்தது’ என்று விற்கப்படும் கெமிக்கல்கள் பல, 45 டிகிரிக்குக் கீழே நன்றாகவே நுரைக்கும். காலையில் தண்ணீர் சூடாவதற்குள் ஆபரேட்டர் பம்பைப் போட்டால் நுரை தரைக்கு வழியும், பம்ப் காற்றை இழுத்து அழுத்தம் விழும். வெப்பநிலை வராமல் பம்ப் ஓடாதபடி, மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யில் இன்டர்லாக் (தடுப்புப் பூட்டு) கேளுங்கள். காசில்லாத பாதுகாப்பு.

போர் தண்ணீரை அப்படியே நிரப்பினால் உலர்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி நிற்கும், குளோரைடு துருவைக் கிளப்பும். வாஷ் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர், கடைசி ரின்ஸுக்கு கடத்துதிறன் 30 மைக்ரோசீமென்ஸுக்குள் உள்ள டி.எம். (தாது நீக்கிய) தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வார்ப்பிரும்புக்கு வெறும் டி.எம். ரின்ஸ் கொடுத்தால், சென்னை ஈரக்காற்றில் மெஷினை விட்டு வருவதற்குள் துரு பூக்கும். அங்கே ரின்ஸில் 0.5 முதல் 1 சதவீதம் துருத்தடுப்பான் வேண்டும்.

ரின்ஸ் தொட்டி ஏன் கெடுகிறது என்று ஒரு கணக்கு. ஒவ்வொரு கூடையும் 0.3 லிட்டர் வாஷ் தண்ணீரை இழுத்து வரும் என்றால், நாளைக்கு 100 கூடைக்கு 30 லிட்டர். 400 லிட்டர் ரின்ஸ் தொட்டியில், 3 சதவீதக் கெமிக்கல் ஒரே நாளில் ஏறத்தாழ 0.2 சதவீதமாகச் சேர்ந்துவிடும். அதனால் ரின்ஸுக்குப் புதுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்து, வழிவது வாஷ் தொட்டிக்குப் போக வேண்டும். வாஷ் தொட்டியில் ஆவியாகிப் போவதையும் அதுவே ஈடுகட்டும்.

படி 6: ஃபிக்சர்

பாகத்தைப் பிடித்து நிறுத்தும் தாங்கிதான் ஃபிக்சர். பாகம் அதில் எந்தக் கோணத்தில் நின்றால் தண்ணீர் தானாக வடியும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு பாகத்தைத் தண்ணீரில் முக்கிக் கையால் சாய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிளைண்ட் துளை கீழ்நோக்கி, முகம் 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருப்பது நல்ல தொடக்கம். தொடும் இடங்கள் பீக் (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) அல்லது நைலானாக இருக்கட்டும். தவறான பக்கம் வைத்தால் உட்காராதபடி ஒரு பின் போதும். ஃபிக்சர் கனமாகிக்கொண்டே போகும் என்பதைக் கவனியுங்கள்: கூடை 12 கிலோவைத் தாண்டினால் நிரப்பிய பிறகு ஆள் தூக்க முடியாது, ரோலரோ லிஃப்டரோ கேட்கும்.

படி 7: பம்ப், தொட்டி, ஹீட்டர்

24 நாசில், ஒவ்வொன்றும் 4 பாரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 240 லிட்டர். தேய்மானத்துக்கும் ஃபில்டர் அடைப்புக்கும் 20 சதவீதம் சேர்த்து 290. 4 பாரில் இதன் நீராற்றல் சுமார் 1.9 கிலோவாட், பம்ப் திறன் 55 சதவீதம் என்றால் ஷாஃப்டில் 3.5 கிலோவாட். ஆக 3.7 கிலோவாட் மோட்டார், அதாவது 5 எச்.பி. ஃபில்டரிலும் குழாயிலும் விழும் அழுத்தம் இதற்கு மேல்; அது 1 பார் என்றால் அடுத்த மோட்டார் அளவுக்குப் போக வேண்டியிருக்கும். நாசில் வழியே ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தில்தான் கூடும். ஓட்டத்தை இரட்டிப்பாக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும், ஆகவே ‘அழுத்தத்தைக் கூட்டிவிடலாம்’ என்ற பேச்சு எளிதில் நடக்காது.

தொட்டி, பம்ப் ஓட்டத்தின் இரண்டு நிமிட அளவாவது இருக்க வேண்டும்: 600 லிட்டர். அதற்குக் குறைந்தால் சில்லு படியவும் எண்ணெய் மிதக்கவும் நேரம் இருக்காது. 30-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 600 × 4.186 × 30, அதாவது ஏறத்தாழ 75,000 கிலோஜூல், 21 யூனிட் மின்சாரம். ஒன்றரை மணி நேரத்தில் சூடாக வேண்டும் என்றால் 14 கிலோவாட். இழப்புக்கு 25 சதவீதம் சேர்த்து 6 கிலோவாட் வீதம் மூன்று ஹீட்டர், 18 கிலோவாட்.

ஓடும்போது பாகமும் கூடையும் உறிஞ்சும் வெப்பம் 1 கிலோவாட்டுக்குள்தான். மணிக்கு 5 லிட்டர் ஆவி எக்ஸாஸ்டில் போனால் அதற்கு மட்டும் 3.3 கிலோவாட். எக்ஸாஸ்ட் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடுவது காசைக் கூரைக்கு மேலே விடுவது. கதவு திறப்பதற்கு முன் 15, 20 வினாடி ஓடினால் போதும். தண்ணீர் மட்டம் குறைந்தால் ஹீட்டர் நிற்கும் லெவல் சுவிட்ச், ஷிப்ட் தொடங்கும் முன்பே ஹீட்டரைப் போடும் டைமர் இரண்டும் கட்டாயம்.

தொட்டி எஸ்.எஸ். 304, அடிப்பகுதி சரிவாக, பெரிய டிரெயின் வால்வோடு. குளோரைடு கூடிய தண்ணீரானால் 316. கால்வனைஸ்டு குழாய் வேண்டாம். சீல்களில் ஒரு சிக்கல் உண்டு: ஈ.பி.டி.எம். ரப்பர் காரத்தைத் தாங்கும், எண்ணெயில் ஊதும். வைட்டான் எண்ணெயைத் தாங்கும், சூடான கடும் காரத்தில் கெடும். நம் மிதமான கெமிக்கலுக்கு வைட்டான் சரி. காரம் மாறினால் சீலும் மாற வேண்டும்.

படி 8: ஃபில்டரும் எண்ணெய் பிரிப்பும்

மெஷினின் ஆயுளை இதுதான் முடிவு செய்கிறது. பாகத்தில் 600 மைக்ரான் துகள் கூடாது என்றால், நாசிலுக்குப் போகும் தண்ணீரில் அது இருக்கவே கூடாது. எனவே தொட்டியிலிருந்து ஓர் ஓரமாகச் சிறு பம்ப் வைத்து வடிப்பது போதாது. நாசிலுக்குப் போகும் முழு ஓட்டமும் ஃபில்டர் வழியே போக வேண்டும். ஊசி போன்ற சில்லு 100 மைக்ரான் கண்ணில் நெடுக்காக நுழைந்து மறுபக்கம் 600 மைக்ரான் நீளத்தில் நிற்கும். ஆகவே வாஷுக்கு 50, ரின்ஸுக்கு 25 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே. ‘நாமினல்’ (ஏறத்தாழ அளவு) என்று எழுதிய பையைவிட ‘அப்சல்யூட்’ (உறுதியான வரம்பு) கார்ட்ரிட்ஜ் விலை கூடுதல். கடைசி ரின்ஸிலாவது அது இருக்கட்டும்.

அடுக்கு இப்படி வரும்: அறைக்கு அடியில் 1 முதல் 2 மி.மீ. கண்ணுள்ள இழுக்கக்கூடிய தட்டு, பம்ப் உறிஞ்சும் வாயில் வலை, பம்புக்கு அடுத்து இரட்டைப் பை ஃபில்டர், இரு பக்கமும் அழுத்த மானி. வித்தியாசம் 0.8 முதல் 1 பார் வந்தால் பையை மாற்ற வேண்டும். இரட்டை ஏன்? ஒற்றை வைத்தால் உற்பத்தியை நிறுத்தி மாற்ற வேண்டும், நிறுத்த மாட்டார்கள், பை கிழியும் வரை ஓடும். எஃகுப் பாகமென்றால் காந்தக் கம்பி சேர்த்தால் பையின் ஆயுள் கூடும். அலுமினியத்துக்கு அதனால் பயனில்லை.

எண்ணெய்க்கு, மிதப்பதை வழித்தெடுக்கும் பெல்ட் அல்லது டிஸ்க் ஸ்கிம்மர். பம்ப் ஓடும் தொட்டியில் எண்ணெய் கலங்கியே இருக்கும், ஸ்கிம்மர் சும்மா சுற்றும். தடுப்புச் சுவர் வைத்து, மேல்நீர் மட்டும் வழிந்து சேரும் அமைதியான சிறு அறையில் வையுங்கள். கெமிக்கலும் எண்ணெயைப் பிரித்து விடும் வகையாக இருக்க வேண்டும். எண்ணெயைக் கரைத்துப் பாலாக்கும் கெமிக்கலைப் போட்டுவிட்டு ஸ்கிம்மரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 9: காய வைத்தல்

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.3 கிலோஜூல் வேண்டும். 400 கிராம் அலுமினியம் 60 டிகிரியிலிருந்து 35-க்கு ஆறும்போது தருவது 9 கிலோஜூல். அதாவது தன் சூட்டில் அது 4 கிராம் தண்ணீருக்குக் குறைவாகவே காய வைக்கும். ஆறு பிளைண்ட் துளையிலும் பாக்கெட்டிலும் 10 கிராம் தங்கினால், வெப்பக் காற்றை எவ்வளவு ஊதினாலும் நேரம் ஓடும். முதலில் ஊதித் தள்ள வேண்டும், மிச்சத்தைத்தான் ஆவியாக்க வேண்டும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் குறிபார்த்து ஒரு 2 மி.மீ. காற்றுத் துளை. 3 பாரில் ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 லிட்டர் இழுக்கும், 24-க்கு 3,600. 40 வினாடிக்கு 2,400 லிட்டர். இதை நேராக லைனில் இருந்து எடுத்தால் பக்கத்து சி.என்.சி. மெஷின்களில் பாகத்தைப் பிடிக்கும் சக்கின் அழுத்தம் விழும். மெஷின் பக்கத்தில் 1,000 லிட்டர் ரிசீவர் (காற்றுத் தொட்டி) வைத்தால் 7 பாரிலிருந்து 4.6 பாருக்கு இறங்கி, மீதி சைக்கிளில் மெல்ல நிரம்பும். காற்றில் கம்ப்ரசர் எண்ணெய் இருந்தால் கழுவிய பாகத்தில் மறுபடி எண்ணெய் அடிக்கிறீர்கள். டிரையரும் நுண் ஃபில்டரும் இல்லாமல் இந்தப் படிக்கு வர வேண்டாம்.

அதன்பின் 90 முதல் 100 டிகிரி சுழல் காற்று. அதிலும் துளையடி காயவில்லை என்றால் வாக்குவம். 60 டிகிரித் தண்ணீர் 200 மில்லிபாரில் கொதிக்கும், 40 டிகிரித் தண்ணீர் 74 மில்லிபாரில். பாகம் சூடாக உள்ளே போனால்தான் வாக்குவம் வேலை செய்யும். ஆறிப்போனால் துளைத் தண்ணீர் குளிர்ந்து நின்றுவிடும்.

உலர்ந்த பாகத்தை உடனே கேஜில் (அளவு சரிபார்க்கும் கருவியில்) வைக்காதீர்கள். 100 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி சூடு கூடினால் 46 மைக்ரான் நீளும். நல்ல பாகமே ரிஜக்ட் ஆகும். குளிர்விக்கும் கன்வேயருக்கு இடம் ஒதுக்குங்கள்.

படி 10: இடமும் கழிவும்

அழுக்குப் பாகம் ஒரு பக்கம் நுழைந்து, சுத்தமானது மறுபக்கம் வரட்டும். அழுக்குக் கூடையும் சுத்தக் கூடையும் ஒன்றாக இருந்தால் அத்தனை வேலையும் வீண்.

இரு தொட்டியையும் மாற்றும்போது ஒரே நேரத்தில் 1,000 லிட்டர் வரும். அதைப் பிடிக்கும் தொட்டியும், தொழிற்சாலையின் சுத்திகரிப்பு நிலையம் ஏற்கும் வேகமும் முன்பே பேசியிருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியில் இந்தக் கழிவுநீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கிம்மரில் வரும் எண்ணெய், 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் வருவது. பேரலில் 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, அனுமதி பெற்றவருக்கே கொடுக்க வேண்டும்.

படி 11: ஆர்டரும் ஏற்புச் சோதனையும்

ஆர்டருக்கு முன் தயாரிப்பாளரிடம் 50 பாகம் அனுப்புங்கள். லைனில் இருந்து எடுத்த அதே அழுக்கோடு, துடைக்காமல். உங்கள் கூலன்ட்டும் கூடப் போகட்டும்.

ஆர்டரில் எழுத வேண்டியவை: பாகத்துக்கு மில்லிகிராம், மிகப் பெரிய துகள், சோதனை முறை; சைக்கிள் டைம்; உலர்வு எப்படிப் பார்ப்பது, உதாரணமாக ஒவ்வொரு துளையிலும் வடிதாளைச் செருகி ஈரம் இல்லை என்று காட்டுவது; சூடாகும் நேரம்; சத்தம்; நாசில், சீல், ஃபில்டர் பையின் பகுதி எண்கள். தயாரிப்பாளர் இடத்தில் முதல் சோதனையில் குறைந்தது 10 கூடை தொடர்ந்து ஓட வேண்டும். சாம்பிளைக் கூடையின் நான்கு மூலையிலும் நடுவிலும் எடுங்கள். நடுவில் இருப்பதுதான் பெரும்பாலும் தோற்கும்.

புதுத் தண்ணீரில் எந்த மெஷினும் பாஸ் ஆகும். ஆகவே உங்கள் தொழிற்சாலையில் இரண்டு வாரம் உற்பத்தி ஓடி, தண்ணீர் பழசான பிறகு இதே சோதனை மறுபடி நடக்கும் என்றும், பணத்தில் 10 முதல் 20 சதவீதம் அதற்குப் பிறகே தரப்படும் என்றும் எழுதுங்கள். ஒப்புக்கொள்ளத் தயங்குபவரிடம் ஃபில்டர் கணக்கைக் கேளுங்கள், காரணம் தெரிந்துவிடும்.

மெஷின் வந்த பிறகு அதன் பக்கத்தில் ஒரு பதிவுத் தாள் தொங்கட்டும். ஷிப்டுக்கு ஒருமுறை டைட்ரேஷனில் (சொட்டுச் சொட்டாக வேதிப்பொருள் சேர்த்து அளக்கும் சோதனையில்) கெமிக்கல் சதவீதம் (எண்ணெய் கலந்தபின் ஒளி விலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பொய் சொல்லும்), வெப்பநிலை, ஃபில்டர் முன்பின் அழுத்தம், ரின்ஸ் தண்ணீரின் கடத்துதிறன். நாசில்களை வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்; தொட்டிச் சுவரில் வழுக்கலாகப் படிந்து கெட்ட மணம் வந்தால் பாக்டீரியா வளர்ந்துவிட்டது, தண்ணீரை மாற்றுவதோடு நிறுத்தாமல் குழாய்க்குள்ளும் சூடான கிளீனரை ஓட்டிய பிறகே புதிதாக நிரப்ப வேண்டும்.